மன்னித்த பிறகு ஏன் போனாள்?

'பொம்மை வீடு' நாடகத்தை முதல் தடவை படிப்பவர்களும் பார்ப்பவர்களும் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தடுக்கி நிற்கிறார்கள். கடன் பத்திரம் திரும்பி வந்துவிட்டது. மிரட்டியவன் வருந்தி எழுதிவிட்டான். புருஷன் கத்தித் தீர்த்துவிட்டு மன்னித்தும்விட்டான். உள்ளே மூன்று குழந்தைகள் தூங்குகின்றன. அப்புறம் எதற்காக அந்தப் பெண் நடு ராத்திரியில் ஒரு சின்னப் பையை எடுத்துக்கொண்டு கிளம்புகிறாள்? அவன் அடித்திருந்தால், குடித்திருந்தால், வேறொருத்தியை வைத்திருந்தால் புரிந்துகொண்டிருப்போம். ஹென்ரிக் இப்சன் அந்த வசதி எதையும் நமக்குத் தரவில்லை.

சுலபமான இரண்டு பதில்கள் புழக்கத்தில் உண்டு. இது பெண் விடுதலை நாடகம், ஆகவே கதாநாயகி நோரா கடைசியில் விடுதலை பெற்றாக வேண்டும் என்பது ஒன்று. செல்லம் கொடுத்துக் கெட்டுப்போன, விவரம் தெரியாத பெண் ஆத்திரத்தில் எடுத்த முடிவு என்பது மற்றது. ஒன்றுக்கொன்று எதிரி போலத் தோன்றினாலும் இரண்டும் நோராவை ஒன்றும் அறியாத குழந்தையாக வைத்துக்கொண்டுதான் தொடங்குகின்றன. முதல் அங்கத்தில் பொம்மை, மூன்றாம் அங்கத்தில் மனுஷி, நடுவில் ஏதோ மாயம். நாடகத்தை நிதானமாகப் படித்தால் கணக்கு அப்படி வரவில்லை. அந்த வீட்டில் பொறுப்பான ஆள் யார் என்று யாராவது கேட்டால், திரை விலகிய பத்தாவது நிமிடத்திலேயே நோராவைத்தான் காட்டுவேன்.

கடன் கணக்கிலிருந்து தொடங்கலாம். நோராவின் கணவன் டோர்வால்ட் ஹெல்மர் வக்கீல். கல்யாணமான முதல் வருடம் ராப்பகலாக உழைத்துப் படுத்த படுக்கையாகிறான். தெற்கே போய்த் தங்கினால்தான் பிழைப்பான் என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். அதுவும் அவனிடம் இல்லை, அவளிடம். நோய் எவ்வளவு முற்றியிருக்கிறது என்று நோயாளிக்குத் தெரியக் கூடாது. அவள் அப்போது நிறைமாதக் கர்ப்பிணி. வேறு ஊரில் அவள் அப்பா சாகக் கிடக்கிறார். மற்ற இளம் மனைவிகளைப் போல நானும் வெளிநாடு பார்க்க வேண்டும் என்று அழுது அடம்பிடித்துப் பார்க்கிறாள், கடன் வாங்கலாமே என்று ஜாடையாகச் சொல்லிப் பார்க்கிறாள். கடன் என்ற சொல் காதில் விழுந்ததும் அவனுக்குக் கோபம் வருகிறது. ஆகவே அவளே குரோக்ஸ்டாட் என்பவனிடம் 1,200 ஸ்பெசிடாலர் வாங்குகிறாள். நார்வே 1875-இல் நாணயத்தை மாற்றிய பிறகு வந்த கணக்கில் 4,800 குரோனர். கணவன் சம்மதம் இல்லாமல் மனைவி கடன் வாங்க முடியாதே என்று நாடகத்திலேயே தோழி ஒருத்தி திகைக்கிறாள். முடியாதுதான். அதனால்தான் அப்பாவின் ஜாமீன் கையெழுத்தைக் கேட்கிறான் குரோக்ஸ்டாட். மரணப் படுக்கையில் இருப்பவரைத் தொந்தரவு செய்ய மனம் வராமல் அந்தக் கையெழுத்தையும் அவளே போட்டுவிடுகிறாள். அப்பா இறந்தது செப்டம்பர் 29. பத்திரத்தில் கையெழுத்துக்குப் பக்கத்தில் இருக்கும் தேதி அக்டோபர் 2.

இத்தாலியில் ஒரு வருடம் தங்குகிறார்கள், அவன் பிழைத்துக்கொள்கிறான். பிறகு வருடக்கணக்காக வட்டியும் அசலும் தவணை தவணையாகப் போகின்றன. வீட்டுச் செலவில் மிச்சம் பிடிக்க வழியில்லை; அவனுக்குச் சாப்பாடு நன்றாக இருக்க வேண்டும், குழந்தைகள் நல்ல துணி உடுத்த வேண்டும். தன் உடுப்புக்கென்று கிடைக்கும் பணத்தில் பாதிக்கு மேல் அவள் செலவழிப்பதில்லை. பின்னல், எம்பிராய்டரி என்று கை வேலை செய்து கொஞ்சம் சேர்க்கிறாள். போன குளிர்காலத்தில் நகலெடுக்கும் வேலை நிறையக் கிடைக்கிறது. அறைக் கதவைப் பூட்டிக்கொண்டு ராத்திரி வெகு நேரம் எழுதுகிறாள். உடம்பு ஓய்ந்துபோனாலும் அப்படி உட்கார்ந்து சம்பாதிப்பது பிடித்திருந்தது, ஆம்பிளை மாதிரி இருந்தது என்று தோழியிடம் சொல்கிறாள்.

போன கிறிஸ்துமஸைப் பற்றி டோர்வால்டுக்கும் ஒரு நினைவு இருக்கிறது. மரத்துக்குப் பூவும் அலங்காரமும் செய்கிறேன் என்று மூன்று வாரம் மனைவி அறைக்குள் அடைந்து கிடந்தாள், தனக்குப் பொழுதே போகவில்லை, கடைசியில் பார்த்தால் ஒன்றும் தேறவில்லை. பூனை புகுந்து எல்லாவற்றையும் கிழித்துவிட்டதாம். இதை அவன் செல்லமாகக் கேலி செய்கிறான். இந்த இரண்டு நினைவுகளையும் இப்சன் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விளக்குவதில்லை. ஒன்றைக் கணவன் வாயிலும் மற்றதைச் சில பக்கங்கள் தள்ளி மனைவி வாயிலும் போட்டுவிட்டுப் போகிறார். பார்வையாளர்களை இப்படி நம்பிய நாடகாசிரியர்கள் குறைவு.

ஆக, கணவன் கொஞ்சிக் கூப்பிடும் அந்த வானம்பாடியும் அணிலும் நோராவின் சுபாவம் என்பதைவிட அவளுடைய தொழில் என்றே சொல்லலாம். பணம் வேண்டுமென்றால் துள்ள வேண்டும், சிணுங்க வேண்டும், அவன் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே கேட்க வேண்டும். பல் கெட்டுவிடும் என்று அவன் தடை போட்ட மக்ரூனை வாங்கிப் பையில் ஒளித்துத் தின்றுவிட்டு வாயைத் துடைத்துக்கொள்கிறாள். எப்போதாவது கணவனிடம் உண்மையைச் சொல்வாயா என்று தோழி கேட்கும்போது அவள் தரும் பதில் நம்மைத் தூக்கிவாரிப் போடுகிறது. பல வருடம் கழித்து, தன் அழகு குறைந்து, தன் ஆட்டமும் வேஷமும் அவனுக்கு அலுத்துப்போகும் காலத்தில் சொல்லலாம்; அப்போது கையிருப்பாக ஒன்று இருப்பது நல்லது என்கிறாள். வெளியுலகம் தெரியாத பெண் பேசுகிற பேச்சா இது? தன் கையில் இருக்கும் சரக்கு என்ன, அது எத்தனை நாள் செல்லும் என்று அவளுக்கு அத்துபடி. குடும்ப நண்பர் டாக்டர் ராங்க்கிடம் பணம் கேட்க நினைத்துப் பட்டுக் காலுறையைக் காட்டிக் குறும்பு பேசுகிறாள். அவர் தன் காதலைச் சொல்லிவிட்ட அந்த நொடியே கேட்க வந்ததை விழுங்கிக்கொள்கிறாள். எல்லை எது என்றும் அவளுக்குத் தெரியும்.

முதல் அங்கத்தில் நோராவை அசட்டுப் பெண்ணாக நடித்துவிட்டு, கடைசி அங்கத்து மாற்றம் நம்பும்படியாக இல்லை என்று நடிகைகள் சொல்வதுண்டு. பிரச்சினை நாடகத்தில் இல்லை, நடிப்பில்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

அப்படியானால் அவளுக்குத் தெரியாதது என்ன? கணவனை அவளுக்குத் தெரியாது. அவள் வளர்ந்தாக வேண்டிய இடம் அது ஒன்றுதான்.

டோர்வால்டை வில்லனாக்கினால் நாடகம் சப்பென்று போய்விடும். அவன் உழைப்பாளி. சந்தேகத்துக்கிடமான வழக்குகளைத் தொடாத வக்கீல். புத்தாண்டில் வங்கி மேனேஜராகப் பொறுப்பேற்கப் போகிறவன். மனைவியிடம் ஆசையாகத்தான் இருக்கிறான். ஆனால் வங்கியில் வேலை பார்க்கும் குரோக்ஸ்டாட்டை அவன் ஏன் நீக்குகிறான் என்று கவனிக்க வேண்டும். குரோக்ஸ்டாட்டும் ஒரு காலத்தில் கள்ளக் கையெழுத்துப் போட்டவன்தான். அதைக்கூட ஒருவேளை பொறுத்துக்கொண்டிருப்பேன் என்று டோர்வால்ட் தானே ஒப்புக்கொள்கிறான். சின்ன வயதுப் பழக்கம் என்ற உரிமையில் நாலு பேர் முன்னால் நீ, வா, போ என்று பேசுகிறான், அதுதான் தாங்க முடியவில்லை! நோரா இதைக் கேட்டு அற்பமான காரணம் என்கிறாள். அற்பமா, என்னை அற்பன் என்கிறாயா என்று அவன் கொதித்து, அந்த நிமிடமே வேலை நீக்கக் கடிதத்தை வேலைக்காரியிடம் கொடுத்தனுப்பிவிடுகிறான். ஊர் வாய்க்கு அவன் எவ்வளவு பயந்தவன் என்பது இங்கேயே தெரிந்துவிடுகிறது. நமக்குத் தெரிகிறது, அவளுக்கு இன்னும் தெரியவில்லை.

ஏனென்றால் எது வந்தாலும் நான் ஒருவனே தாங்கிக்கொள்வேன் என்று அதே மூச்சில் அவளுக்கு வாக்குக் கொடுக்கிறான். அவள் அதை அப்படியே நம்புகிறாள். உண்மை வெளியானால் அவன் முன்னால் வந்து, குற்றம் என்னுடையது என்று பழியை ஏற்றுக்கொள்வான். அந்த அற்புதத்துக்காக ஏங்குகிறாள், அதற்கே பயப்படவும் செய்கிறாள். அவனை அந்தத் தியாகம் செய்ய விடாமல் தண்ணீரில் விழுந்து செத்துப்போவது என்பது அவள் திட்டம். இரண்டாம் அங்கத்தின் கடைசியில் வெறி பிடித்தவள் போல டாரன்டெல்லா ஆடிப் பழகுகிறாளே, அது வெறும் கவர்ச்சி இல்லை. வேலை போன குரோக்ஸ்டாட் கடன் விஷயம் முழுவதையும் எழுதித் தபால் பெட்டியில் போட்டுவிட்ட கடிதத்தை டோர்வால்ட் எடுக்காமல் தடுக்கிற வழி. அந்தப் பெட்டியின் சாவி அவனிடம் மட்டும்தான் இருக்கிறது.

கடிதத்தைத் தடுத்திருக்க முடியும். தோழி கிறிஸ்டீன் லிண்டே குரோக்ஸ்டாட்டின் பழைய காதலி. அவளிடம் மனம் இளகி, கடிதத்தைப் பிரிக்காமலே திருப்பிக் கேட்டு வாங்கிக்கொள்கிறேன் என்கிறான் அவன். வேண்டாம் என்கிறாள் அவள். இந்த வீட்டில் பார்த்ததெல்லாம் போதும், இவர்களுக்குள் இனி ஒளிவு மறைவு கூடாது என்பது அவள் தீர்ப்பு. அடுத்தவள் குடும்பத்தில் இப்படிக் கை வைக்க இவள் யார் என்ற கேள்வி எனக்கு இன்னும் உறுத்துகிறது. ஆனால் இவள் தலையிடாமல் இருந்திருந்தால் நோரா இன்னும் பத்து வருடம் மக்ரூனை ஒளித்துத் தின்றுகொண்டிருப்பாள் என்பதும் உண்மை.

இனி அந்த இரவு. கிறிஸ்துமஸுக்கு மறுநாள், டிசம்பர் 26. மாடி வீட்டு மாறுவேட விருந்தில் நேப்பிள்ஸ் மீனவப் பெண் உடையில் ஆடிவிட்டு இறங்கி வருகிறாள். உனக்கு ஏதாவது ஆபத்து வர வேண்டும், உனக்காக உயிரையே பணயம் வைக்க வேண்டும் என்று தான் பல தடவை ஆசைப்பட்டதாக டோர்வால்ட் உருகுகிறான். அப்படியானால் கடிதங்களைப் படியுங்கள் என்கிறாள் அவள். படிக்கிறான். பொய்க்காரி, குற்றவாளி என்று வசை பொழிகிறது. உன் அப்பன் புத்திதானே உனக்கும் வரும் என்று செத்தவரையும் இழுக்கிறான். குழந்தைகளை இனி நீ வளர்க்கக் கூடாது. ஆனால் இதே வீட்டில் இரு, ஊருக்கு எதுவும் தெரியக் கூடாது. குரோக்ஸ்டாட் கேட்பதையெல்லாம் கொடுத்துக் காதும் காதும் வைத்தாற்போல முடித்துவிட வேண்டும். பழியைத் தலையில் போட்டுக்கொள்ளும் பேச்சே இல்லை.

அப்போது வேலைக்காரி இன்னொரு கடிதத்தோடு வருகிறாள். உறையில் இருப்பது நோராவின் பெயர். அதையும் அவன்தான் பிடுங்கிப் பிரிக்கிறான். குரோக்ஸ்டாட் பத்திரத்தைத் திருப்பி அனுப்பியிருக்கிறான். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. அவன் வாயில் முதலில் வருவது தான் பிழைத்த சந்தோஷம். நானோ என்று அவள் கேட்ட பிறகுதான் அவளும் கணக்கில் சேர்கிறாள். பத்திரத்தைக் கிழித்து அடுப்பில் போடுகிறான். உடனே அவனுக்குப் பெரிய மனசு வந்துவிடுகிறது. நீ அன்பினால்தான் செய்தாய், வழிதான் தெரியவில்லை, உன்னை மன்னித்துவிட்டேன். மனைவியை மன்னிப்பதில் ஓர் ஆணுக்கு என்ன சுகம் என்று விவரிக்கவும் தொடங்குகிறான். அவள் இனி அவனுக்கு மனைவியும் ஆனாளாம், குழந்தையும் ஆனாளாம்.

நோராவின் முடிவு இந்த மன்னிப்பில்தான் பிறக்கிறது. வசவு மட்டும் இருந்திருந்தால் பயத்தில் பேசிவிட்டான் என்று அவள் சமாதானம் சொல்லிக்கொண்டிருக்கலாம்; உலகம் முழுக்கப் பெண்கள் அப்படிச் சொல்லிக்கொண்டுதான் குடும்பம் நடத்துகிறார்கள். மன்னிப்புக்கு அந்தச் சமாதானம் செல்லாது. இப்போது பயமில்லை, நிதானமாக இருக்கிறான், அன்பாகவும் இருக்கிறான். இந்த நிலையில்கூட அவன் உயிரைக் காப்பாற்றியதற்கு நன்றி என்ற பேச்சு இல்லை. நான் தவறிவிட்டேன் என்ற பேச்சும் இல்லை. மன்னிக்கிறேன் என்றால் தப்புச் செய்தவள் அவள் என்பது தீர்ந்துபோன விஷயம் என்று பொருள். பேரேட்டைப் புரட்டிப் பார்த்தால் கடன்பட்டவன் அவன். ஆபத்து வந்தபோது எப்படி இருந்தான், ஆபத்து போனபோது எப்படி மாறினான் என்று சில நிமிட இடைவெளியில் இரண்டையும் பார்த்துவிட்டாள். பார்க்க இனி எதுவும் மிச்சமில்லை.

அவள் உள்ளே போய் வேஷ உடையை மாற்றிவிட்டு அன்றாட உடையில் வருகிறாள். மேசைக்கு அந்தப் பக்கம் அவனை உட்கார வைத்து, எட்டு வருடத்தில் நாம் சீரியஸாகப் பேசுவது இதுதான் முதல் தடவை என்று தொடங்குகிறாள். அந்தப் பேச்சில் கவனிக்க வேண்டியது, தான் சொல்வதுதான் சரி என்று அவள் சாதிக்கவில்லை. சட்டம் சொல்வது சரியா, தான் நினைப்பது சரியா என்று தெரியவில்லை, கண்டுபிடிக்க வேண்டும் என்கிறாள். குழந்தைகளை வளர்க்கத் தனக்குத் தகுதி இல்லை என்று அவன் சொன்னதை ஒப்புக்கொள்ளவும் செய்கிறாள். சுதந்திரப் பிரகடனம் என்று இதை மேடையில் முழங்கினால் கெட்டுவிடும். இது கணக்கு முடிக்கிற பேச்சு. மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்து அவனுடையதைத் திருப்பி வாங்குகிறாள். சாவிக்கொத்து இங்கே இருக்கிறது, நாளைக்குக் கிறிஸ்டீன் வந்து என் சாமான்களைக் கட்டுவாள், கடிதம் எழுத வேண்டாம், பணம் அனுப்ப வேண்டாம்.

குழந்தைகள்? பலருக்கு மன்னிக்க முடியாதது இதுதான். ஜெர்மன் நடிகை ஹெட்விக் நீமன்-ராபே, நான் என் குழந்தைகளை விட்டுப் போகமாட்டேன் என்று சொல்லி நடிக்க மறுத்தார். நாடகங்களுக்கு அந்நாட்டில் உரிமைப் பாதுகாப்பு இல்லாததால் வேறு எவனோ மாற்றி எழுதுவதற்குத் தானே எழுதுவது மேல் என்று இப்சன் பல்லைக் கடித்துக்கொண்டு மாற்று முடிவு ஒன்றை எழுதினார். அதில் கணவன் அவளைக் குழந்தைகள் தூங்கும் அறை வாசலுக்கு இழுத்துக்கொண்டு போகிறான். அவள் அங்கேயே சரிந்துவிடுகிறாள். 1880-இல் ஜெர்மனியில் மேடையேறிய இந்த வடிவத்தை நாடகத்தின் மீது நடந்த காட்டுமிராண்டித்தனம் என்று எழுதியவரே திட்டினார்.

ஆனால் குழந்தையை விட்டுப் போன தாய் ஒருத்தி அந்த வீட்டிலேயே இருக்கிறாள். அவளை யாரும் பார்ப்பதில்லை. ஆயா அன்னே மரியே. கல்யாணமாகாமல் பிள்ளை பெற்ற ஏழைப் பெண். தாயில்லாத நோராவுக்குப் பாலூட்டும் வேலை கிடைத்ததால் தன் மகளை அந்நியர்களிடம் கொடுத்துவிட்டு வந்தவள். எப்படி மனசு வந்தது என்று இரண்டாம் அங்கத்தில் நோரா கேட்கிறாள். வேறு வழி இல்லையே அம்மா என்கிற தோரணையில் பதில் வருகிறது. மகள் வளர்ந்து இரண்டு கடிதம் எழுதியிருக்கிறாள் என்று சந்தோஷப்படுகிறாள் கிழவி. பசிக்காக ஒரு தாய் பிள்ளையை விட்டால் எவருக்கும் கோபம் வருவதில்லை. தன்னைத் தெரிந்துகொள்ள ஒரு தாய் போனால் தியேட்டரே எழுந்து நிற்கிறது. நோரா தன் குழந்தைகளை விட்டுப் போவதும் அதே அன்னே மரியேயின் கையில்தான்.

இந்தக் கதைக்குப் பின்னால் நிஜப் பெண் ஒருவர் உண்டு. லாரா கீலர் என்ற எழுத்தாளர், இப்சனுக்கு நன்கு தெரிந்தவர். அவரை வானம்பாடி என்று அழைத்ததும் இப்சன்தான். காசநோய்க் கணவனைத் தெற்கே அழைத்துப் போக ரகசியமாகக் கடன் வாங்கினார். அடைக்க முடியாமல் கள்ளக் கையெழுத்து வரை போனது. வெளியே தெரிந்ததும் கணவன் விவாகரத்துக் கேட்டான். குழந்தைகளைப் பிரித்தார்கள், மனநோய் விடுதியில் அடைத்தார்கள். ஏறக்குறைய ஒரு மாதம் கழித்து வெளியே வந்து, குழந்தைகளுக்காக அதே கணவனிடம் திரும்பினார். இது 1878. மறு வருடம் இத்தாலியில் ரோமிலும் அமால்ஃபியிலும் இருந்தபடி இப்சன் நாடகத்தை எழுதி முடித்தார். 1879 டிசம்பர் 4-இல் கோபன்ஹேகனில் புத்தகமாக வந்தது. முதல் பதிப்பின் 8,000 பிரதிகளும் ஒரு மாதத்துக்குள் விற்றுத் தீர்ந்தன. டிசம்பர் 21-இல் அங்கே ராயல் தியேட்டரில் பெட்டி ஹென்னிங்ஸ் நோராவாக நடித்தார். மேடையில் நோரா தானாகவே வெளியேறினாள். லாரா கீலருக்கு, ஊர் தன்னைக் கைகாட்டிப் பேசிய வேதனை வெகு காலம் நீடித்தது. இந்தக் கணக்கில் இப்சன் பாக்கி வைத்தவர்தான்.

பின்னாளில், 1898-இல், நார்வே பெண்ணுரிமைச் சங்கம் கொடுத்த விருந்தில், பெண்ணுரிமைக்காகத் திட்டமிட்டு உழைத்த பெருமை தனக்கு வேண்டாம், தான் எழுதியது மனிதர்களைப் பற்றி என்று இப்சன் பேசினார். நாடகம் பெண்களைப் பற்றியதே அல்ல என்று வாதிடுபவர்கள் இந்தப் பேச்சைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். அதே மனிதர்தான் 1879-இல் ரோமிலிருந்த ஸ்காண்டிநேவியச் சங்கத்தில் பெண் உறுப்பினர்களுக்கு ஓட்டுரிமை கேட்டுத் தீர்மானம் கொண்டுவந்து, அது தோற்றதும் சீறியவர். 1884-இல் மணமான பெண்களுக்குத் தனிச் சொத்துரிமை கேட்டு நாடாளுமன்றத்துக்குப் போன மனுவிலும் கையெழுத்திட்டவர். கட்சிக்காரர் என்ற முத்திரை மட்டும் அவருக்குப் பிடிக்கவில்லை.

நோரா போன பிறகு என்ன ஆனாள் என்று உலகம் முழுக்கக் கேட்டாயிற்று. மிகக் கறாராகக் கேட்டவர் சீன எழுத்தாளர் லூ சுன். 1923-இல், தற்செயலாக அதே டிசம்பர் 26-ஆம் தேதி, பெய்ஜிங்கில் பெண்கள் ஆசிரியர் கல்லூரியில் பேசும்போது, கையில் காசில்லாத நோராவுக்கு இரண்டு வழிதான், சீரழிவது அல்லது திரும்பி வருவது என்றார். விழித்துக்கொண்ட மனசு மட்டும் போதாது, பணப்பையும் வேண்டும் என்பது அவர் வாதம். நியாயமான வாதம். ஆனால் இப்சன் பணத்தை மறந்தவர் இல்லை. நாடகம் தொடங்குவதே சுமைகூலிக்குச் சில்லறை கொடுப்பதில்தான். நோரா அன்றிரவு தங்கப் போவது கிறிஸ்டீன் லிண்டேயின் வீட்டில். கடை, சின்னப் பள்ளிக்கூடம் என்று தனியாகப் பிழைத்துக் காட்டிய விதவை அவள். மறுநாள் நோரா தன் சொந்த ஊருக்குப் போகிறாள், அங்கே வேலை தேடுவது சுலபம் என்று. நகலெடுத்துச் சம்பாதித்த கை அவளுடையது. அது போதுமா என்று இப்சன் சொல்லவில்லை, சொல்லும் நிலையிலும் அவர் இல்லை.

நார்வேயில் மணமான பெண்ணைச் சட்டப்படி விவரமறிந்த ஆளாக ஏற்றுக்கொண்டது 1888-இல். அதாவது நோரா தெருவில் இறங்கி ஒன்பது வருடம் கழித்து. அதற்குப் பிறகு கடன் வாங்கும் மனைவி தன் பெயரிலேயே பத்திரம் எழுதிக் கொடுக்கலாம். குடும்பத்தின் பொதுச் சொத்தை நிர்வகிக்கும் உரிமை மட்டும் அப்போதும் கணவனிடமே இருந்தது. ஜாமீன் கேட்கும் குரோக்ஸ்டாட்டுகளும் அப்போதும் இருந்திருப்பார்கள்.